கம்ப்யூட்டர் ஏன் இரைகிறது?

சத்தமும் குறைய வேண்டும். சூடும் ஏறக் கூடாது! வழி என்ன?

மேஜைக் கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் இருக்கும் இடம் தெரியாமல் வேலை செய்யும். இரண்டு வருடம் போனதும் "கொர்ர்..." என்று இரையத் தொடங்கும். பிள்ளைகளுக்குப் பாடத்தில் கவனம் செல்லாது. பக்கத்து அறையில் பெரியவர்களுக்குத் தூக்கம் வராது.

சிலர் என்ன செய்கிறார்கள்? பெட்டி மீது துணியைப் போட்டு மூடுகிறார்கள். அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். உள்ளே இருக்கும் விசிறியின் ஒயரையே பிடுங்கி விடுகிறவர்களும் உண்டு.

மூன்றும் ஆபத்து! மூடி வைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும். சத்தம் முன்னை விட அதிகமாகும். விசிறியைப் பிடுங்கினாலோ, கம்ப்யூட்டருக்கே கேடு.

சூடு எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டரின் மூளை "பிராசசர்" என்ற சில்லு. ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அது எடுத்துக் கொள்ளும் மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாக மாறுகிறது. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் 65 வாட் பிராசசர் இருக்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதைத் தொட முடியுமா? அவ்வளவு சூடும் ஒரு தீப்பெட்டிக்குள் அடைந்து கிடந்தால் எப்படி இருக்கும்!

அந்தச் சூட்டை வாங்கிக் கொள்ளப் பிராசசர் மீது உலோகத் தகடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தகடுகளில் ஏறிய சூட்டை விசிறி ஊதித் தள்ளுகிறது. பெட்டியில் உள்ள மற்ற விசிறிகள் அந்தக் காற்றை வெளியே அனுப்புகின்றன.

சூடு 100 டிகிரி சென்டிகிரேடை நெருங்கினால், பல பிராசசர்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அதற்கு மேலும் ஏறினால் கம்ப்யூட்டர் திடீரென்று நின்று விடும். பாதி எழுதிய கடிதமும் பாதி போட்ட கணக்கும் போனது போனதுதான்!

பழைய தொல்லை

இந்தத் தொல்லை கம்ப்யூட்டருடன் கூடவே பிறந்தது. 1946-ம் ஆண்டில், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் "எனியாக்" என்ற ராட்சத கம்ப்யூட்டரைப் பொதுமக்களுக்கு அறிவித்தார்கள். அதில் ஏறக்குறைய 18 ஆயிரம் வால்வுகள் இருந்தன. பழைய ரேடியோப் பெட்டிக்குள் எரியுமே, அதே மாதிரி வால்வுகள். அது குடித்த மின்சாரம் சுமார் 150 கிலோவாட். அந்தச் சூட்டை வெளியேற்றத் தனியாக விசிறிகள் வைக்க வேண்டியிருந்தது.

விசிறி வேண்டாம் என்றவர்

"ஆப்பிள்" கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஸ்டீவ் ஜாப்ஸ். விசிறிச் சத்தம் என்றால் அவருக்குப் பிடிக்காது. 1977-ல் வெளிவந்த "ஆப்பிள் 2" கம்ப்யூட்டரில் விசிறியே கிடையாது. அது நன்றாக ஓடியது. காரணம், ராட் ஹோல்ட் என்ற என்ஜினீயர், குறைந்த சூட்டில் வேலை செய்யும் மின்சாரப் பெட்டியை அதற்கு அமைத்துக் கொடுத்திருந்தார்.

1980-ல் "ஆப்பிள் 3" வந்தது. அதிலும் விசிறி இல்லை. ஆனால் இந்த முறை கோளாறுக்கு மேல் கோளாறு! உள்ளே இருந்த சில்லுகள் இடம் விட்டு இளகின. கம்ப்யூட்டரைச் சில அங்குலம் தூக்கி, மேஜை மீது "தொப்" என்று போட்டுப் பார்க்கும்படி கம்பெனியே யோசனை சொல்லும் நிலை வந்தது. சூடும் இந்தக் கோளாறுகளுக்கு ஒரு காரணம் என்று பேசப்பட்டது.

பாடம் என்ன? முதலில் சூட்டுக்கு வழி செய்ய வேண்டும். பிறகுதான் சத்தத்தில் கை வைக்க வேண்டும்.

காசு செலவில்லாத வைத்தியம்

முதல் எதிரி தூசி. தகடுகளின் இடுக்கில் தூசி அடைத்தால் காற்று புகாது. விசிறி தலைதெறிக்கச் சுற்றும்.

கம்ப்யூட்டரை நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்டியைத் திறந்து, மெல்லிய உலர்ந்த பிரஷ்ஷினால் தூசியைத் துடையுங்கள். விசிறி சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். ஈரத் துணி கூடாது.

ஒரு எச்சரிக்கை: உள்ளே மின்சாரம் வரும் தனிப்பெட்டி ஒன்று உண்டு. அதை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

அடுத்தது, இடம். தரையில் வைத்தால் தூசி சேரும். சிறு பலகை மீது வையுங்கள். சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். வீட்டில் முன்வாசலையும் கொல்லை வாசலையும் திறந்தால் காற்று ஓடுகிறது அல்லவா? கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான். முன்பக்கம் காற்று நுழைய வேண்டும். பின்பக்கம் வெளியேற வேண்டும்.

சிறு செலவில் பெரிய நன்மை

வீட்டில் மேலே தொங்கும் மின்விசிறியைப் பாருங்கள். இறக்கை பெரியது. ஆகவே மெதுவாகச் சுற்றியே அறை முழுவதும் காற்றைத் தருகிறது. கம்ப்யூட்டரிலும் 8 சென்டிமீட்டர் விசிறியை விட 12 சென்டிமீட்டர் விசிறி நல்லது. மெதுவாகச் சுற்றியே அதே அளவு காற்றைத் தள்ளும். பெட்டியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், காற்றும் பாதியாகும். ஆனால் சத்தமோ சுமார் 15 டெசிபல் குறையும்! 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்றும். ஆகவே ஒரு விசிறியை விரட்டுவதை விட, இரண்டு விசிறிகளைப் பாதி வேகத்தில் ஓட்டுவது மேல். காற்று குறையாது, இரைச்சல் அடங்கும்.

நான்கு ஒயர் உள்ள விசிறியானால், சூட்டுக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கம்ப்யூட்டரிலேயே வசதி உண்டு. "பயாஸ்" என்ற பகுதியில் அதை அமைக்கலாம். பழகியவரைக் கொண்டு செய்யுங்கள். பிராசசருக்கும் தகடுகளுக்கும் நடுவே ஒரு பசை உண்டு. பல வருடங்களில் அது காய்ந்து விடும். அதையும் அவரையே மாற்றச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சூட்டைப் பாருங்கள். அதைக் காட்டும் புரோகிராம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கடுமையான வேலையின்போது 80 டிகிரிக்குள் இருந்தால் கவலை இல்லை. கத்திரி வெயில் நாளில் அறைக் காற்றே கொதிக்கும். அப்போது விசிறி கொஞ்சம் இரைந்தால் விட்டு விடுங்கள்.

இந்தச் சத்தம் வேறு!

"டக்... டக்..." என்றோ, கரகரவென்றோ சத்தம் கேட்டால் அலட்சியம் வேண்டாம். அது ஹார்டு டிஸ்க் தேய்கிற சத்தமாக இருக்கலாம். அதன் தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. அது போய்விட்டால் கல்யாண போட்டோவும் குழந்தை போட்டோவும் அதோடு போய்விடும். உடனே எல்லாவற்றையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து விடுங்கள். புதிதாக வாங்குவதானால் "எஸ்.எஸ்.டி." வாங்கலாம். அதில் சுற்றும் பாகமே இல்லை, சத்தமும் இல்லை.

விசிறியின் மீது கோபம் வேண்டாம். அது கம்ப்யூட்டரின் காவல்காரன். அதன் வேலையை எளிதாக்குங்கள். சத்தம் தானாகவே அடங்கும்.