அச்சடிக்கப் பாரிஸ் போகவேண்டுமா?

"ஏன் தம்பி, அச்சடிக்கக் கத்துக்க ஒரு பொண்ணு பாரிசுக்குப் போகணுமா? காரைக்கால்லே இல்லாத பிரஸ்ஸா?"

திருமலைராயன்பட்டினத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில், காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் இப்படிக் கேட்டார். மாசி மகத்துக்காகப் போயிருந்தேன். திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் அன்று இந்த ஊர்க் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். கூட்டத்தில் இடிபட்டுத் திரும்பும்போது, தெரிந்தவர் வீடாயிற்றே என்று நுழைந்தால், நுழைந்த இடத்தில் வழக்கு!

வழக்கு இதுதான். பெண் புதுச்சேரியில் ஓவியம் படித்து முடித்திருக்கிறாள். மேற்கொண்டு அச்சு ஓவியம் கற்க ஒரு வருஷம் பிரான்சுக்குப் போகவேண்டும் என்கிறாள். அம்மாளிடம் பணம் இருக்கிறது. ஆனால் அது கல்யாணத்துக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

பாரிஸ் என்ற பெயரைக் கேட்டு அந்த ஊரில் யாரும் மிரளமாட்டார்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி வரையில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. இன்றும் பல குடும்பங்களுக்கு அங்கே ஒரு சித்தப்பாவோ மாமாவோ உண்டு. போவதில் பயமில்லை, போய் என்ன படிப்பது என்பதுதான் விளங்கவில்லை. நேயர்களே, உங்களுக்கும் இதே சந்தேகம் எழலாம். கல்யாணப் பத்திரிகை அடிப்பதும் அச்சுத்தானே?

அச்சுத்தான். ஆனால் இங்கே ஓவியரே மரப்பலகையையோ செப்புத் தகட்டையோ தம் கையால் செதுக்குகிறார், அல்லது திராவகத்தில் அரிக்க விடுகிறார். மையைத் தடவி, காகிதத்தை வைத்து அழுத்தி எடுக்கிறார். இருபத்தைந்து பிரதிதான் என்று தீர்மானித்தால், ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் 1/25, 2/25 என்று எண்ணிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். அப்புறம் தகட்டைக் கீறிக் கெடுத்துவிடுகிறவர்களும் உண்டு. நகல் என்று எண்ணவேண்டாம், இருபத்தைந்தும் அசல்தான்.

இதற்கு வேண்டிய யந்திரம் கனமானது, விலையும் அதிகம். வீட்டுக் கூடத்தில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் பலர் கூடி ஒரே பட்டறையில், ஒருவர் கையை மற்றவர் பார்த்துத்தான் கற்கவேண்டியிருக்கிறது. அப்படி ஒரு பட்டறையைத் தேடிப் போன ஒருவரின் கதையை அம்மாளுக்குச் சொன்னேன்.

அவர் கிருஷ்ணா ரெட்டி. நமக்கு அந்நியர் அல்ல. 1925-இல் சித்தூர்ப் பக்கம் நந்தனூர் கிராமத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்று, 1940-களின் கடைசியில் சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் ஓவியப் பகுதியை நடத்தினார். ஆசிரியர் வேலை கையில் இருந்தும் மறுபடி மாணவராக லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளிக்குப் போனார். அங்கிருந்து பாரிஸ். சிற்பம் கற்கப் போனவரை, ஸ்டான்லி வில்லியம் ஹேட்டரின் 'அத்தலியே 17' என்ற பட்டறை பிடித்துக்கொண்டது. 17 என்பது அது முன்பு இருந்த வீட்டின் கதவிலக்கம். பிக்காஸோவும் மீரோவும் அங்கே வேலை செய்தவர்கள். ஹேட்டர் ரசாயனம் படித்தவர். இளம் வயதில் எண்ணெய்க் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பட்டறையில் பிறந்த பெரிய கண்டுபிடிப்பும் எண்ணெய் சம்பந்தப்பட்டதுதான்!

தோசைக்கல்லில் எண்ணெய் அதிகமாகிவிட்டால் மாவு ஒட்டாமல் வழுக்குகிறதல்லவா? அதே சங்கதி. தகட்டை மேடும் பள்ளமுமாகப் பல மட்டங்களில் வெட்டுகிறார்கள். எண்ணெய் கலந்து இளக்கிய ஒரு வர்ண மையைக் கெட்டி உருளையால் உருட்டினால் அது மேட்டில் மட்டும் படுகிறது. எண்ணெய் குறைந்த, பிசுபிசுப்பான வேறொரு வர்ணத்தை மெத்தென்ற உருளையால் உருட்டினால் அது பள்ளத்துக்குள் இறங்குகிறது. மேட்டிலே முன்பே எண்ணெய் இருப்பதால் அங்கே ஒட்டுவதில்லை. முன்பெல்லாம் பெரும்பாலும் வர்ணத்துக்கு ஒரு தகடாக வெட்டித் திரும்பத் திரும்ப அடிக்கவேண்டும். இப்போது ஒரே தகடு, ஒரே அழுத்தம், பல வர்ணங்கள்! கிருஷ்ணா ரெட்டியும், இந்தியாவிலிருந்தே வந்திருந்த கைகோ மோத்தியும் ஹேட்டரோடு சேர்ந்து உழைத்துக் கண்ட வழி இது. மாணவராக நுழைந்த ரெட்டி பின்னால் அதே பட்டறையை நடத்துவோரில் ஒருவரானார். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். பிறகு நியூயார்க் சென்று பல்கலைக்கழகத்தில் கற்பித்து, 2018-இல் அங்கேயே காலமானார்.

"அவர் ஆம்பளை, தம்பி" என்றார் அம்மாள்.

நல்ல கேள்விதான். அலிகாரில் கணிதம் படித்த ஜரீனா ஹாஷ்மி, வெளிநாட்டு உத்தியோகத்திலிருந்த கணவரோடு ஊர் ஊராகப் போனவர். பாங்காக்கில் மரச்செதுக்கைக் கற்றார். 1960-களில் அதே பாரிஸ் பட்டறையில் ஹேட்டரிடம் பயின்றார். வீடு, வாசல் என்று தாம் விட்டுவந்ததை 36 மரச்செதுக்கு அச்சுகளாக 1999-இல் வெளியிட்டார். அனுபம் ஸூத் 1971-இல் உதவித்தொகை பெற்று ஸ்லேட் பள்ளிக்குப் போனார். திரும்பி வந்து, டில்லிக் கலைக் கல்லூரியில் நெடுங்காலம் பெண்களுக்கும் பையன்களுக்கும் அச்சுக்கலை கற்பித்தார்.

போனவர்கள் எல்லோரும் இப்படி ஆனார்கள் என்று நான் சொல்லவில்லை. சீட்டுப் பணம் வட்டியோடு திரும்பும் என்று உத்தரவாதம் கொடுக்க நான் யார்? சென்னை கிரீம்ஸ் ரோடில் லலித் கலா அகாதமியின் பட்டறை இருக்கிறது. முதலில் அங்கே கொஞ்ச காலம் கையை அழுக்காக்கிக்கொள்ளட்டுமே என்றேன்.

அதுவரை தூணருகே வாய் திறக்காமல் நின்ற பெண், "இருங்க அண்ணா" என்று உள்ளே ஓடினாள். ஒரு லினோலியம் துண்டைக் கொண்டுவந்தாள். ஒரு தோணி, அதன்கீழ் ஏதோ கிறுக்கல். எழுத்தா கோலமா என்று தெரியவில்லை. மையை உருட்டி, மேலே காகிதத்தை வைத்து, அடுக்களை மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தாள். யந்திரம் இல்லாத வீட்டில் கரண்டிதான் யந்திரம்!

"நீயே எடும்மா" என்றாள்.

அம்மாள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓரத்தைப் பிடித்து மெதுவாக உரித்தார். கிறுக்கலாக இருந்தது நேராகத் திரும்பி 'மாசி மகம்' என்று வந்திருந்தது. இரண்டு தடவை படித்தார். பிறகு, "இந்த மூலையிலே மையே பிடிக்கலையேடி" என்றார்.

சீட்டுப் பணத்தைப் பற்றி அன்று ஒன்றும் முடிவாகவில்லை. நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, புதுக் காகிதத்தை வைத்து, கரண்டியைப் பெண்ணிடமிருந்து வாங்கி, அந்த மூலையை அம்மாளே அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.