கூச்சம் அடங்கிய பல்லில் அடைப்பு ஒட்டுமா?

மூங்கில்துறைப்பட்டு கரும்பு ஊர். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அங்கேயே இருக்கிறது. கரும்பைப் பல்லால் உரித்தும், உமிக்கரியோ செங்கல்பொடியோ வைத்து அழுத்தித் தேய்த்தும் பழகிய பற்களில் எனாமல் தேய்ந்துபோகும். ஈறு இறங்கிய இடத்தில், பல்லின் கழுத்தில், ஆப்பு அடித்தாற்போல் ஒரு வெட்டு விழும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்று இழுக்கும்.

எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினில் சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் நுண்குழாய்கள். ஒன்றின் அகலம் ஒன்றிலிருந்து இரண்டரை மைக்ரான். உள்ளே திரவம் நிற்கிறது; குளிர் பட்டால் அது நகரும், நரம்பு அதை வலியாக உணரும். 1960களில் ஸ்வீடனின் பிரான்ஸ்ட்ரோம் இதைச் சோதனைகளால் நிலைநாட்டினார். கூச்சத்துக்கான மருந்துகளில், பொட்டாசியம் நைட்ரேட் நரம்பை அடக்குகிறது. ஃபுளூரைடு வார்னிஷ், ஆக்சலேட், அர்ஜினின் கலந்த பசை போன்றவை குழாயின் வாயை அடைக்கின்றன.

சிக்கல் அங்கேதான். அந்த வெட்டைப் பல் நிறக் காம்போசிட்டால் நிரப்ப வேண்டுமானால், ஒட்டும் பிசின் அதே குழாய்களிலும் கொலாஜன் நார்களுக்கு இடையிலும் புகுந்து இறுக வேண்டும். இந்தக் கலப்புப் படலத்தை 1982இல் ஜப்பானின் நகாபயாஷி விளக்கினார். வலி வரும் வழியும் பிடிப்பு கிடைக்கும் வழியும் ஒன்றுதான். மூடிவிட்டால் பிசினுக்கு இடமில்லை.

எவ்வளவு பாதிக்கும் என்பது ஒட்டும் முறையைப் பொறுத்தது. 37 சதவீத பாஸ்போரிக் அமிலத்தைச் சுமார் 15 விநாடி வைத்துக் கழுவினால் மேலே படிந்தவை பலவும் கரைந்துவிடும். ஆக்சலேட் மருந்து உண்டாக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகம் மட்டும் எளிதில் கரையாது. தனியாக அமிலம் வைக்காமல், தானே அரிக்கும் மென்மையான பிசின்களுக்குக் குழாயை அடைத்த படிவு பெரிய தடை. எல்லா மருந்தும் அப்படியல்ல. குளுட்டரால்டிஹைடும் ஹீமா (HEMA) என்ற வேதிப்பொருளும் கலந்த திரவம் குழாய்க்குள் இருக்கும் புரதத்தை உறையவைத்துக் கூச்சத்தைத் தணிக்கிறது. பிடிப்பைப் பொதுவாகக் கெடுப்பதில்லை. அடைப்புக்கு முன் பல மருத்துவர்கள் அதைத் தடவுவதும் இதனால்தான்.

நம் வீட்டு வைத்தியத்திலும் பிடிப்பைக் கெடுப்பது ஒன்று உண்டு. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால், பிசின் கெட்டியாவதையே தடுக்கும். அடைப்பதற்கு முன் பல்லை நன்றாகச் சுத்தம் செய்தாக வேண்டும்.

ஆகவே பல் அடைக்கப் போகும்போது கூச்சத்துக்கு என்ன தடவினீர்கள், எப்போது தடவினீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். பெயர் நினைவில்லை என்றால் அந்த டியூபையே கையில் எடுத்துப் போங்கள்.