லெப்ரகானுக்கு ஒரு பொறி

மார்ச் 17, புனித பாட்ரிக் திருநாள். அதற்கு முந்தைய நாள்களில் அமெரிக்காவில் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகள் காலணி அட்டைப்பெட்டியை எடுத்துவைத்துக்கொண்டு லெப்ரகான் பொறி செய்கிறார்கள். பச்சைத் தாள் ஒட்டி, ஐஸ் குச்சியில் ஏணி கட்டி, மேலே ஓட்டை போட்டு, பொன்னிறத் தாள் சுற்றிய சாக்லேட் காசை இரையாக வைக்கிறார்கள். காலையில் பொறி கலைந்து கிடக்கும். சித்திரக்குள்ளனான லெப்ரகான் அதில் சிக்கியிருக்க மாட்டான். இதற்கென்றே கடைகளில் தயார் பெட்டிகளும் விற்கின்றன. அவற்றை வாங்கி ஒட்டி முடிப்பதில் குழந்தைக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். முதலில் கதையைச் சொல்லி, அந்தக் கதைக்குப் பொருந்தும்படி பொறியைச் செய்யச் சொன்னால், அதே அட்டையும் பசையும் குழந்தையை யோசிக்க வைக்கும்.

லெப்ரகான் யார்? அயர்லாந்தின் நாட்டார் கதைகளில் அவன் தனித்து வாழ்பவன், செருப்புத் தைப்பவன், புதையல் இருக்கும் இடம் தெரிந்தவன். ஜோசப் ஜேக்கப்ஸ் 1892இல் வெளியிட்ட கெல்டிக் கதைத் தொகுப்பில் டாம் ஃபிட்ஸ்பேட்ரிக் என்பவன் அவனைப் பிடித்து, புதையல் எந்தச் செடிக்கு அடியில் இருக்கிறது என்று காட்ட வைக்கிறான். அடையாளத்துக்குத் தன் சிவப்புக் காலுறை நாடாவை அந்தச் செடியில் கட்டி, அதை அவிழ்க்கக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டு மண்வெட்டி எடுக்க ஓடுகிறான். திரும்பி வந்தால் வயல் முழுக்க, ஒரு செடி விடாமல், சிவப்பு நாடா! சொன்ன சொல் மீறப்படவில்லை, புதையலும் போயிற்று. இதைக் கேட்ட குழந்தையிடம் இரையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பொன்னைக் குவித்து வைத்திருப்பவனுக்குப் பொற்காசு எதற்கு? பாதி தைத்த குட்டிச் செருப்பு, ஒரு துண்டுத் தோல், நூல்கண்டு ஆகியவைதான் அவனை இழுக்கும். அவன் சட்டையும் பச்சையாக இருக்கவேண்டியதில்லை. 1831இல் எழுத்தாளர் சாமுவேல் லவர் அவனுக்குச் சிவப்புக் கோட்டுதான் மாட்டியிருக்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியம், அவன் எப்படித் தப்புவான் என்பதையும் குழந்தையே வடிவமைப்பது. நம் திட்டத்தில் எதிராளி எந்த ஓட்டையைக் கண்டுபிடிப்பான் என்று அவன் இடத்தில் நின்று யோசிப்பது சிறு வயதில் எளிதாக வாய்க்கும் பயிற்சி அல்ல.

இது அமெரிக்கர்கள் கட்டிவிட்ட பழக்கம், அயர்லாந்தின் மரபு இல்லை என்பார்கள். பொறி செய்வது புதிதுதான். அதைக் குழந்தையிடம் மறைக்கக்கூடாது. ஆனால், சிக்கியவன் விடுதலைக்குப் பேரம் பேசும் கரு மிகப் பழையது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஓர் அயர்லாந்துக் கதையிலேயே, தூங்கும் ஃபெர்கஸ் என்ற மன்னனைக் கடலுக்கு இழுத்துப்போக வந்த குட்டி உருவங்களில் மூன்று அவன் கையில் அகப்பட்டு, நீருக்கடியில் நீந்தும் வித்தையைக் கொடுத்துத் தப்புகின்றன. இந்த மரபில் குழந்தைகளுக்கும் உரிமை உண்டு. 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் தொடக்கப்பள்ளி மாணவர்கள் வீட்டு முதியவர்களிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கேட்டு எழுதிவந்த கதைகளும் வழக்கங்களும் அந்நாட்டு நாட்டாரியல் ஆவணத்தில் லட்சக்கணக்கான பக்கங்களாக இருக்கின்றன. இன்னொரு ஆட்சேபம் கனமானது: இரவில் பெற்றோரே பொறியைக் கலைத்துவிட்டு, குள்ளன் வந்தான் என்று சொல்வது பொய்யில்லையா? பொய்தான். அதனால் கலைக்கும் வேலையையும் குழந்தையிடமே கொடுத்துவிடலாம். தம்பிக்காக அக்கா குட்டிக் காலடித்தடம் பதிக்கட்டும், தப்பியவன் எழுதும் குறும்புக் கடிதத்தையும் எழுதட்டும். கதை என்று தெரிந்தே ஆடும் ஆட்டத்திலும் குதூகலம் குறைவதில்லை.

இதே முறையை அயர்லாந்தின் இன்னொரு விழாவான, பிப்ரவரி 1ஆம் தேதி வரும் புனித பிரிஜிட் திருநாளுக்கு அப்படியே எடுத்துச் செல்லக்கூடாது. அதற்கு முந்தைய மாலை கோரையை மடித்து மடித்துப் பின்னும் நான்கு கை சிலுவை, தீயிலிருந்து வீட்டைக் காக்கும் என்று நம்பி வாசலிலோ கூரையடியிலோ செருகப்படுவது. அங்கே குறும்புக்கு இடமில்லை. கோரை கிடைக்காவிட்டால் காகித உறிஞ்சுகுழலில் பின்னலாம். முதல் இரண்டு சுற்றுக்குப் பெரியவர் ஒருவர் நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டால் பின்னல் கலையாது.