சவப்பெட்டியில் வந்த சரக்கு

சவப்பெட்டி ஒன்று வீதி வழியே வருமானால், எந்தத் தேசத்து மனிதனும் சற்றே ஒதுங்கி வழி விடுவான். அதன் மூடியைத் திறந்து காட்டும்படி கேட்பதற்குப் போலீஸ்காரருக்குக் கூட எளிதில் மனம் துணியாது. மனித சுபாவத்தில் ஊறிப்போன இந்த மரியாதையையே மூலதனமாக வைத்து வியாபாரம் நடத்திய ஒரு கூட்டத்தாரின் கதை, 1947-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் பேசும் படமாக வெளிவந்தது. அந்தக் கூட்டத்தாருக்கு லண்டனிலுள்ள ஒரு சவ அடக்கக் கடைதான் காரியாலயம். கடையின் பெயர் 'வல்ஹல்லா'. வட ஐரோப்பியரின் பழைய புராணங்களில், போரில் மாண்ட வீரர்கள் சென்று சேரும் சொர்க்கத்துக்கு அந்தப் பெயர்.

கடைக்குள் சவப்பெட்டி வருகிறது. மூடியைத் திறந்தால் உள்ளே பிரேதம் இல்லை. யுத்தம் முடிந்தும் பஞ்சம் முடியாத லண்டனில், கடைகளில் பார்க்கவும் கிடைக்காத பண்டங்கள் இருக்கின்றன. "ஆகா, என்ன யுக்தி!" என்று படம் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. சிறிது நேரம் சென்றபின், இதே வழியில் வேறொரு சரக்கும் வருகிறது என்று தெரிகிறது. அத்துடன் சிரிப்பு நின்று போகிறது.

ஒரு படம், இரண்டு பெயர்

படத்தின் பெயர் 'தே மேட் மீ எ ஃப்யூஜிடிவ்'. 'அவர்கள் என்னைத் தலைமறைந்து ஓடுபவனாக ஆக்கினார்கள்' என்பது அதன் பொருள். இதே படம் அமெரிக்காவுக்குச் சென்றபோது 'ஐ பிகேம் எ கிரிமினல்', அதாவது 'நான் குற்றவாளியானேன்' என்று பெயர் மாறிற்று. தேசத்துக்குத் தேசம் படத்தின் பெயரை மாற்றுவது சினிமா வியாபாரத்தில் சகஜமான சங்கதிதான். ஆயினும், இந்த இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவே ஒரு பெரிய வழக்கே இருப்பது புலப்படும்.

முதற் பெயர் குற்றத்தை 'அவர்கள்' தலையில் சுமத்துகிறது. இரண்டாவது பெயர் அதை 'நான்' என்று ஏற்றுக் கொள்கிறது. எது நியாயம்? படத்தின் சாரமெல்லாம் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

புழக்கடை வாசல்

வழக்கை விசாரிப்பதற்கு முன், அக்காலத்து லண்டன் எப்படி இருந்தது என்பதைச் சிறிது கவனிக்க வேண்டும். 1940-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை ஆகியவற்றுக்கு அங்கே ரேஷன் ஆரம்பமாயிற்று. 1941-ல் துணிமணிகளுக்கும் அது வந்தது. 1945-ல் ஜெர்மனி தோற்றது, ஜப்பானும் பணிந்தது. இனிக் கஷ்டம் விட்டது என்று ஜனங்கள் பெருமூச்சு விட்டார்கள். விடவில்லை. யுத்தம் நடந்த ஆறு வருஷமும் தாராளமாகக் கிடைத்த ரொட்டிக்குக் கூட, வெற்றி பெற்ற பிறகு, 1946-ம் வருஷம் ஜூலையில் ரேஷன் வைத்தார்கள். உணவு ரேஷன் முற்றும் ஒழிந்தது 1954-ல்தான்.

இப்படிப்பட்ட காலத்தில் 'ஸ்பிவ்' என்றொரு புது ஜாதி மனிதன் அந்நாட்டுத் தெருமுனைகளில் பிரசித்தமானான். பளபளவென்ற உடுப்பு, அகலமான கழுத்துப் பட்டி, ஒட்ட வெட்டிய மீசை; இவைதாம் அவனுடைய அடையாளங்கள். நைலான் காலுறையோ, சிகரெட்டோ, எது வேண்டுமானாலும் விலை கொடுத்தால் கொண்டு வந்து தருவான். ஊரார் அவனைக் கண்டு பயப்படவில்லை, பரிகாசம் செய்தார்கள். பரிகாசம் செய்துகொண்டே புழக்கடை வாசலில் அவனிடம் சாமானும் வாங்கினார்கள். "நாள் முழுவதும் கியூவில் நின்று அலுத்துவிட்டோம், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?" என்பது அவர்களுடைய சமாதானம். பாதிரியார் வீட்டிலும் பள்ளிக்கூட உபாத்தியாயர் வீட்டிலுங்கூட இந்தச் சமாதானம் செல்லுபடியாகக் கூடியதுதான்.

இந்தச் சமாதானத்தைத்தான் படம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது.

கிளெம் போட்ட கோடு

கதாநாயகன் கிளெம் மார்கன் விமானப்படையில் சேவை செய்தவன். யுத்தம் முடிந்து ஊர் திரும்பினான். உயிரைப் பணயம் வைத்துப் பழகியவனுக்கு, உட்கார்ந்து கணக்கெழுதும் உத்தியோகம் எப்படிப் பிடிக்கும்? குடிக்கிறான், பொழுது போகாமல் திண்டாடுகிறான். நார்ஸி என்பவனுடைய கூட்டத்தில் சேருகிறான். பணத்தாசையைக் காட்டிலும் சலிப்புத்தான் அவனை அங்கே கொண்டுபோய்த் தள்ளுகிறது.

நார்ஸி என்பது நார்ஸிஸஸ் என்பதன் சுருக்கம். கிரேக்கப் புராணத்தில் தண்ணீரில் தன் அழகைத் தானே பார்த்து மயங்கிப்போன வாலிபனின் பெயர் அது. நம் கதையின் நார்ஸியும் அலங்காரப் பிரியன். யுத்தத்தில் கிளெம்மைப் போன்றவர்கள் ஆகாயத்தில் பறந்தார்கள். இவனைப் போன்றவர்கள் பூமியில் சம்பாதித்தார்கள். படித்த கனவானான கிளெம்மைச் சேர்த்துக்கொண்டால் தன் கூட்டத்துக்கு ஒரு கௌரவம் வரும் என்பது அவன் எண்ணம்.

ஒருநாள் கிளெம் விஷயத்தைக் கண்டு கொள்கிறான். கள்ளச் சாமான்களோடு மயக்க மருந்தும் வருகிறது. கூட்டத்தார் அதற்கு வைத்திருக்கும் சங்கேதப் பெயர் 'ஷெர்பெட்'. அந்தச் சொல் நம் காதில் குடிக்கும் சர்பத்தாக விழும். இங்கிலாந்திலோ அது குழந்தைகள் விரலால் தொட்டு நக்கித் தின்னும் புளிப்பும் இனிப்புமான ஒரு பொடியின் பெயர். விஷத்துக்குக் குழந்தைத் தின்பண்டத்தின் பெயரை வைத்த அந்தச் சாமர்த்தியத்தில், இந்தத் தொழிலின் சுபாவம் முழுவதும் வெளியாகி விடுகிறது.

"நைலான் விற்பேன், சிகரெட் விற்பேன், இதை மட்டும் விற்க மாட்டேன்" என்பது கிளெம்மின் நிலை. நல்ல கோடுதான். ஆனால் அதைப் போடுகிறவன் சவப்பெட்டிக்குள் நின்றுகொண்டு போடுகிறான். வெளியே நின்று போட்டிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. உள்ளே வந்துவிட்டவன் போடும் கோட்டை நார்ஸி எதற்காக மதிக்க வேண்டும்?

மறுப்பவனை நார்ஸி தீர்த்துக்கட்டும் விதம் பயங்கரமானது. கொள்ளையடிக்கப் போன இடத்தில் அபாய மணி ஒலிக்கிறது. கூட்டத்தார் காரில் ஓடுகையில் ஒரு போலீஸ்காரர் அதில் அடிபட்டு மாண்டு போகிறார். காரை ஓட்டியவன் சோப்பி என்பவன். ஆனால் கிளெம்மை நினைவிழக்கச் செய்து, பழி அவன்மீது விழும்படி விட்டுவிட்டு, மற்றவர்கள் மறைந்து விடுகிறார்கள். கிளெம் டார்ட்மூர் சிறைக்குப் போகிறான். அவனுடைய காதலி எல்லன் நார்ஸியிடம் போய்ச் சேருகிறாள். நார்ஸி கைவிட்ட ஸாலி என்ற பெண் சிறைக்கு வந்து இதைக் கிளெம்மிடம் சொல்கிறாள். அப்படிப் போய் வந்த குற்றத்துக்காக நார்ஸி அவளை அடித்து நொறுக்குகிறான்.

கௌரவமான ஒரு வீடு

சிறையிலிருந்து தப்பியோடும் கிளெம், பசியும் களைப்புமாக ஒரு நாட்டுப்புற வீட்டில் நுழைகிறான். வீட்டு எஜமானி அவனைப் போலீஸில் பிடித்துக் கொடுக்கவில்லை. உணவு தருகிறாள், உடை தருகிறாள். பிறகு, குடிகாரனான தன் புருஷனைச் சுட்டுவிடும்படி சாவதானமாகக் கேட்கிறாள். கிளெம் மறுத்துவிட்டுப் போகிறான். அவன் கை பட்ட துப்பாக்கியாலேயே அவள் காரியத்தை முடித்து விடுகிறாள். அந்தக் கொலையும் அவன் கணக்கில் ஏறுகிறது.

கதையோடு ஒட்டாத கிளைக்கதை இது என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குப் படத்தின் உயிரே இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. கொலையாளிகள் சவக்கடையில் மாத்திரம் இல்லை. திரைச்சீலை தொங்கும் வீட்டுக்குள்ளும் இருக்கிறார்கள். தம் கையில் கறை படாமல் காரியம் நடக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய விருப்பம். அதற்கு ஒரு குற்றவாளி தேவை. புழக்கடை வாசலில் நைலான் வாங்கியவர்களுக்கும் அப்படித்தான் ஒருவன் தேவையாயிருந்தது.

டைரக்டரும் நடிகர்களும்

இங்கிலாந்தின் உள்வீட்டு விவகாரத்தை இவ்வளவு கூர்மையாகப் படம் பிடித்த டைரக்டர் இங்கிலீஷ்காரர் அல்லர். ஆல்பெர்ட்டோ கவால்கான்டி என்னும் அவர் 1897-ல் பிரேஸில் தேசத்தில் பிறந்தவர். பிரான்ஸில் படத்தொழில் செய்துவிட்டு, 1934-ல் லண்டனுக்கு வந்து தபாலிலாகாவின் படப்பிரிவில் உண்மைச் செய்திப் படங்கள் தயாரித்தார். காமிரா பிடித்த ஆட்டோ ஹெல்லர் பிராக் நகரத்தவர். வீட்டு விருந்தாளியின் கண்ணுக்குத்தானே சுவரிலுள்ள விரிசல் முதலில் தெரியும்!

கிளெம்மாக நடித்தவர் டிரெவர் ஹோவர்ட். 1945-ல் 'பிரீஃப் என்கவுண்டர்' படத்தில் கண்ணியமே உருவான டாக்டராக வந்து தாய்மார்களின் உள்ளத்தைக் கவர்ந்தவர். அதே முகத்தைச் சவரம் செய்யாத தாடியுடன், தப்பியோடும் கைதியின் முகமாகப் பார்த்த ஜனங்கள் திடுக்கிட்டிருப்பார்கள். நார்ஸியாக கிரிஃபித் ஜோன்ஸும், ஸாலியாக ஸாலி கிரேயும் நடித்தார்கள்.

கொக்கேனைத் திரையில் பேசுவதே அந்நாளில் லேசான காரியமல்ல. அதைக் கண்டபடி விற்பதை இங்கிலாந்து சர்க்கார் 1916-ல் யுத்தகாலச் சட்டத்தினால் தடுத்தார்கள்; 1920-ல் அதற்கென்றே தனிச் சட்டம் செய்தார்கள். படத் தணிக்கையாளர்கள் 1916-ல் வெளியிட்ட 43 விலக்குகளில், அபினி, கொக்கேன் முதலியவற்றின் பழக்கமும் ஒன்று. ஆகவே 1947-ல் ஒரு கதாநாயகன், 'கொள்ளையில் பங்கு கொள்வேன். இதில் மட்டும் மாட்டேன்' என்று சொன்னதைப் பார்த்தவர்கள் எளிதில் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

கோடு அழிந்த காலம்

அதற்குப் பின் 57 வருஷம் கழித்து, 2004-ல், 'லேயர் கேக்' என்ற படம் இங்கிலாந்திலிருந்து வந்தது. மாத்யூ வான் டைரக்ட் செய்த முதற் படம். பிற்பாடு ஜேம்ஸ் பாண்டாக உலகப் பிரசித்தி பெற்ற டேனியல் கிரெய்க்தான் கதாநாயகன். இந்தக் கதாநாயகனுக்குப் பெயரே கிடையாது. கொக்கேன் விற்பதே அவனுக்கு ஜீவனோபாயம். தான் ரௌடியல்ல, வியாபாரி என்று எண்ணுகிறவன். குறித்த காலத்தில் கணக்கை முடித்துக்கொண்டு கௌரவமாக ஒதுங்கிவிட நினைக்கிறான். கிளெம் தாண்ட மறுத்த கோட்டுக்கு அப்பால் இவன் கடையே வைத்துவிட்டான்!

ஆனாலும் முடிவில் இருவருக்கும் ஒரே பாடம்தான். எல்லாச் சுழலிலும் தப்பித்து, காதலியுடன் வாசற்படி இறங்கும் நேரத்தில், அலட்சியமாக நினைத்திருந்த ஒரு பையனுடைய குண்டு அவன்மீது பாய்கிறது. நல்ல சரக்கு, கெட்ட சரக்கு என்று பிரித்தவனும் சரி, எல்லாம் வியாபாரந்தான் என்று பிரிக்காமல் விட்டவனும் சரி, 'போதும், வருகிறேன்' என்று சொல்லிவிட்டு வெளியே வரும் வழி அந்த வீட்டில் இல்லை.

தீர்ப்பு

1947-ம் வருஷப் படத்தின் கடைசிக் காட்சிக்கு வருவோம். உண்மை தெரிந்த சோப்பி முன்னமே கொலையுண்டு விட்டான். வல்ஹல்லாவின் கூரைமேல், 'அமைதியாக உறங்குக' என்ற பொருளுடைய மூன்று பெரிய இங்கிலீஷ் எழுத்துக்களின் அருகே நார்ஸியும் கிளெம்மும் கட்டிப் புரளுகிறார்கள். நார்ஸி கீழே விழுகிறான். உயிர் போகுந்தறுவாயில் ஒரே ஒரு வார்த்தை உண்மை சொன்னால் கிளெம் விடுதலையாவான். மரணப் படுக்கையில் மனந்திருந்துவது சினிமா வில்லன்களின் வழக்கம். நார்ஸி அந்த வழக்கத்தை அனுசரிக்கவில்லை. சபித்துவிட்டுச் சாகிறான். கிளெம் போலீஸாருடன் நடக்கிறான். ஸாலி காத்திருக்கப் போகிறாள்.

இப்போது வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லலாம். 'நான் குற்றவாளியானேன்' என்பது உண்மை. கிளெம்மை யாரும் கைப்பிடித்து இழுத்து வரவில்லை. 'அவர்கள் ஆக்கினார்கள்' என்பதும் உண்மை. ஆனால் 'அவர்கள்' என்ற சொல் நார்ஸியோடும் சோப்பியோடும் நிற்பதில்லை. உழைத்த வீரனுக்கு வேலை தராமல் வாழ்த்து மட்டும் தந்து அனுப்பிய நாடும் அதில் சேரும். சவப்பெட்டியைச் சுமப்பவன் ஒருவன் இருக்கிறான் என்றால், மறுமுனையில் அதைத் திறந்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள் என்றுதானே பொருள்? அவர்களில் ஒருவரும் அந்தப் படத்தில் சிறைக்குப் போகவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள்.