ஒருவர் இழுத்துத் தேர் ஓடுமோ?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாளின் பெருந்தேரை ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்கின்றனர். அதை ஒருவனே இழுப்பான் என்போரை நாம் பித்தர் என்போம். ஆயினும் கணினிக் கல்வியில் நடப்பது ஏறக்குறைய அதுவே. ஒரே கருவி ஒன்றன்பின் ஒன்றாய்க் கணக்கிடும் முறையையே முதலாண்டு மாணாக்கர்க்குப் பெரும்பாலும் போதிக்கிறார்கள். பல கருவிகள் வேலையைப் பகிர்ந்து ஒரே சமயத்தில் முடிக்கும் இணைக்கணிப்பு பிந்திய ஆண்டுகளுக்கு ஒதுக்கப்படுகிறது. அம்மாணாக்கரது கைப்பேசியினுள்ளேயோ பல கணிப்புறுப்புகள் ஒருங்கே உழைக்கின்றன!

இவ்வித்தை நம் தேசத்தின் மானம் காத்தது. 1980-களில் நாம் வேண்டிய வலிமை மிக்க க்ரே கணினியைத் தர அமெரிக்கா மறுத்தது. நாம் சோர்ந்தோமா? 1988-ல் புனாவில் சி-டாக் ஸ்தாபனம் தோன்றிற்று. டிரான்ஸ்பியூட்டர் என்னும் சிறு கணிப்புறுப்புகள் பலவற்றைப் பிணைத்து, 1991-ல் ‘பரம் 8000’ கணினியை ஆக்கிற்று.

கூடி உழைப்பதில் இடரும் உண்டு. ஒன்றன் விடைக்கு மற்றொன்று காத்திருக்க, அதுவும் இதற்கே காத்திருப்பின் வேலை முழுவதும் நின்றுவிடும். இவ்விடரை நீக்கும் புத்தி இளமையிலேயே படிதல் வேண்டும். அமெரிக்கக் கணினிச் சங்கங்கள் 2013-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் இதைத் தனித் துறையாக்கியது இது கருதியே போலும்.

ராஜபாளையத்தில் ராம்கோ கலாசாலையும், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகமும் உள்ளன. முதலாண்டிலேயே இணைக்கணிப்பைப் புகட்டுவதில் இவை தேசத்துக்கே வழிகாட்டுமாக! பெரும்பொருள் வேண்டுவதில்லை, ஆய்வுக்கூடத்துக் கணினிகளை ஒன்றோடொன்று பிணைத்தாலே தொடங்கலாம். அன்று ஒருமுறை பிறர் மறுத்ததால் கற்றோம். இனி நாமே விரும்பிக் கற்போம்.