சிறுநீரகம்: பரிசோதனைத் தாளில் நாம் பார்க்காமல் விடும் வரி

இரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் நாம் முதலில் தேடுவது சீனியின் அளவை. அடுத்தது கொலஸ்ரரோல். இரண்டும் பரவாயில்லை என்றால் தாளை மடித்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவிடுகிறோம். அதே தாளில் கிரியற்றினின், ஈ.ஜி.எவ்.ஆர் என்று மேலும் இரண்டு வரிகள் இருக்கின்றன. எமது சிறுநீரகங்களின் நிலையைச் சொல்பவை அவைதான்.

கனடாவில் சிறுநீரகங்கள் செயலிழப்பதற்கு முதன்மையான காரணம் நீரிழிவு. தெற்காசியரான எமக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். இளவயதிலேயே வருவதும் உண்டு. எனவே இந்த உறுப்பைப் பற்றி எமது குடும்பங்கள் ஓரளவாவது அறிந்திருப்பது அவசியம்.

எங்கே இருக்கின்றன?

முதுகுப்புறத்தில், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முள்ளந்தண்டின் இருபுறமும் ஒவ்வொன்றாக இரு சிறுநீரகங்கள் உள்ளன. அவரை விதை வடிவம். ஏறக்குறைய எமது கைமுட்டியின் பருமன். நீளம் 10 முதல் 12 சென்ரிமீற்றர். வலப்பக்கம் மேலே ஈரல் இருப்பதால் வலது சிறுநீரகம் சற்றுத் தாழ்வாக இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் கீழிறங்கிச் சிறுநீர்ப்பையை அடைகிறது.

உருவத்தில் சிறியதென்றாலும், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஐந்திலொரு பங்கு இவற்றுக்கே போகிறது. நிமிடத்துக்கு ஒரு லீற்றருக்கும் அதிகமான இரத்தம்!

வடிகட்டலும் மீட்டெடுப்பும்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டும் அலகுகள் உள்ளன. இவற்றை நெப்ரோன் என்பர். ஒவ்வொரு நெப்ரோனின் தொடக்கத்திலும் மெல்லிய இரத்தக் குழாய்கள் நூற்பந்து போலச் சுருண்டிருக்கும். இரத்தம் அழுத்தத்துடன் அதனூடாகப் பாயும்போது நீர், உப்பு, குளுக்கோஸ், யூரியா போன்ற சிறியவை வடிந்து வெளியேறும். இரத்த அணுக்களும் பெரும்பாலான புரதமும் பெரியவை என்பதால் உள்ளேயே தங்கிவிடும்.

இவ்வாறு நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் வடிகிறது. ஆனால் நாம் கழிப்பதோ ஒன்று முதல் இரண்டு லீற்றர் மட்டுமே. மிகுதி எங்கே போகிறது? வடிந்த நீர் நீண்ட நுண்குழாயினூடாகச் செல்லும்போது, உடலுக்குத் தேவையான நீரும் உப்பும் குளுக்கோசும் திரும்ப இரத்தத்துக்குள் எடுக்கப்படுகின்றன. நெல்லைத் தூற்றும்போது பதரைப் போகவிட்டு மணியைச் சேர்ப்பது போன்ற வேலை இது.

இரத்தத்தில் சீனி ஏறக்குறைய 10 ஐத் தாண்டினால், அதாவது இங்கு எமது மீற்றர்கள் காட்டும் கணக்கில் 10 ஐத் தாண்டினால், நுண்குழாய்களால் எல்லாச் சீனியையும் மீட்க முடியாது. அது சிறுநீரில் கலந்து, கூடவே நீரையும் இழுத்துச் செல்லும். நீரிழிவுக்காரருக்கு அடிக்கடி சிறுநீர் போவதும் தாகம் எடுப்பதும் இதனால்தான்.

கழிவகற்றுவது மட்டுமா?

சிறுநீரகம் இன்னும் சில வேலைகளையும் செய்கிறது. இரத்தச் சிவப்பணுக்களை உருவாக்கும்படி எலும்பு மச்சைக்குக் கட்டளையிடும் ஓமோன் இங்கேதான் பெருமளவில் சுரக்கிறது. விற்றமின் டி உடலுக்குப் பயன்படும் வடிவத்தை அடைவதும், இரத்த அழுத்தம் சீராக்கப்படுவதும் இங்கேதான். ஆகவே சிறுநீரகம் பழுதடையும்போது இரத்தசோகையும், எலும்புப் பலவீனமும், உயர் அழுத்தமும் கூடவே வருகின்றன. உயர் அழுத்தம் சிறுநீரகத்தை மேலும் பழுதாக்கும். ஒன்று மற்றதை வளர்க்கும் சுழல் இது.

ஏன் தெரியாமல் போகிறது?

அழிந்த நெப்ரோன் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால் எஞ்சியவை அதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கின்றன. அதனால் பெரும்பகுதி அழியும்வரை நோவோ வேறு அறிகுறியோ இல்லாமலிருக்கலாம். கால் வீக்கம், களைப்பு, உடற்கடி, வாந்தி என்று தொடங்கும்போது பலருக்குக் காலம் கடந்துவிடுகிறது. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்பது எம் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை அந்தப் பதிலை நம்ப முடியாது.

பரிசோதனையை நம்பலாம். கிரியற்றினின் என்பது தசைகளிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் அதன் அளவு ஏறும். அதையும் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் கொண்டு கணிப்பதே ஈ.ஜி.எவ்.ஆர். அது 60 க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் நாட்பட்ட சிறுநீரக நோய் எனக் கொள்வர். 15 க்குக் கீழே போனால் செயலிழப்பு. சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ஈ.ஜி.எவ்.ஆர் நன்றாக இருக்கும்போதே இந்தக் கசிவு தொடங்கிவிடலாம். நீரிழிவோ உயர் அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரண்டையும் பார்ப்பது நல்லது.

ரொறன்ரோவுக்கு உள்ள தொடர்பு

நாம் வாழும் இந்த நகரத்துக்கு இதில் பெரும் பங்குண்டு. 1922 ஜனவரியில் ரொறன்ரோ பொது வைத்தியசாலையில்தான் இன்சுலின் முதன்முதலாக ஒரு நீரிழிவு நோயாளிக்கு ஏற்றப்பட்டது. அதே வைத்தியசாலையில் 1946 இல் டொக்டர் கோர்டன் மறே தாம் உருவாக்கிய செயற்கைச் சிறுநீரகத்தால் ஒரு நோயாளிக்குச் சிகிச்சையளித்தார். நெதர்லாந்தில் டொக்டர் வில்லெம் கொல்ப் தொடங்கிய முயற்சிக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் நடந்தது இது. 1994 இல், இரவில் நித்திரை கொள்ளும்போதே வீட்டில் டயலிசிஸ் செய்யும் முறையும் இந்நகரிலேயே வளர்க்கப்பட்டது.

ஆயினும் டயலிசிஸ் சிறுநீரகத்துக்கு முழுமையான ஈடல்ல. நிலையத்துக்குச் சென்று செய்பவர்கள் பொதுவாக வாரத்தில் மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் கதிரையில் இருக்க வேண்டும். பனிக்காலத்தில் அவரைக் கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கூட்டி வருவதும் முழுக் குடும்பத்தின் வேலையாகிவிடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

அழுத்தத்தையும் சீனியையும் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதே முதல் வேலை. உப்பு நாளொன்றுக்கு மொத்தம் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படக் கூடாது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்ஸர், உடனடி நூடில்ஸ் ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும்.

மூட்டுநோவுக்கு மருந்துக் கடையில் தாமாக வாங்கி நாள்தோறும் போடும் அட்வில், அலீவ் போன்ற குளிசைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. ஊரிலிருந்து வரும் சூரணங்களையும் வைத்தியரிடம் காட்டாமல் எடுக்க வேண்டாம்.

நோய் உறுதியானவர்கள் இளநீர், வாழைப்பழம் போன்ற பொற்றாசியம் மிகுந்தவற்றை உணவு ஆலோசகரிடம் கேட்டே உண்ண வேண்டும். "குறைந்த சோடியம்" என்று விற்கும் மாற்று உப்புக்கள் பலவற்றிலும் பொற்றாசியம்தான் உள்ளது. வெட்டினால் நட்சத்திர வடிவில் வரும் நட்சத்திரப்பழத்தை இவர்கள் தொடவே கூடாது. பழுதடைந்த சிறுநீரகத்தால் அதன் நச்சை வெளியேற்ற முடியாமல் மூளை பாதிக்கப்படலாம்.

மகிழ்ச்சியான செய்தியும் உண்டு. நுண்குழாயில் குளுக்கோஸ் மீட்கப்படுவதைத் தடுக்கும் ஒரு வகை நீரிழிவு மருந்து, சிறுநீரக நோயின் வேகத்தையும் குறைக்கிறது என்பதை 2019, 2020 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அது தமக்குப் பொருந்துமா என வைத்தியரிடம் கேட்கலாம்.

கொடுப்பதைப் பற்றி

ஆரோக்கியமான ஒருவர் ஒரு சிறுநீரகத்துடன் நலமாக வாழ முடியும். மற்றதைக் கொடுத்தபின் எஞ்சியது சற்றுப் பருத்து அதிக வேலையை ஏற்கும். கொடுப்பவரைப் பல பரிசோதனைகளின் பின்னரே அனுமதிக்கின்றனர். இறந்தபின் கொடுப்பதற்கு, ஒன்ராறியோவில் 16 வயது நிரம்பியவர்கள் தமது சம்மதத்தைப் பதிவு செய்யலாம். எமது வீடுகளில் இதைப் பற்றிக் கதைப்பதையே அபசகுனமாக எண்ணுகிறோம். ஆனால் பட்டியலில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பவர்களில் எம்மவர்களும் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போதாவது குடும்பமாக இருந்து கதைப்போம்.

அதற்கு முன், மடித்து வைத்த அந்தத் தாளை எடுத்து அந்த இரண்டு வரிகளையும் பாருங்கள். அம்மா, அப்பாவின் தாளையும் பாருங்கள். விளங்காவிட்டால் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

(இக்கட்டுரை பொது அறிவுக்கானது. உங்கள் வைத்தியரின் ஆலோசனையின்றி மருந்தையோ உணவுமுறையையோ மாற்ற வேண்டாம்.)