கடைமடைச் சங்கங்கள் குறிக்கோளை எண்ணால் எழுதலாம்

பூம்புகார் பகுதி காவிரியின் கடைமடை. அருகிலுள்ள மேலையூர்க் கதவணையைத் தாண்டினால் கடல்தான். மேட்டூர் அணை திறந்த பிறகு தண்ணீர் இங்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும். வாய்க்காலிலும் தாமதம் ஏற்பட்டால் நடவு பிந்தும். இளம்பயிர் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூழ்கும்.

விவசாயிகளே பாசன நிர்வாகத்தில் பங்கு பெறுவதற்கான தமிழ்நாடு சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் பொதுவாக, "கடைமடைக்குப் போதிய நீர் கிடைக்கப் பாடுபடுவது" என்று தீர்மானம் எழுதிவிடுகின்றன. போதியது என்றால் எவ்வளவு? எந்த நாளுக்குள்? எங்கே அளப்பது? இவை இல்லாத தீர்மானம் நிறைவேறியதா, இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது.

காவிரித் தீர்ப்பையே உதாரணமாகக் கொள்ளலாம். 2018 பிப்ரவரி 16ந் தேதி சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பின்படி, சாதாரண ஆண்டில் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அளக்கும் இடம் பிலிகுண்டுலு. மாதக் கணக்கும் உண்டு: ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 டி.எம்.சி. இதனால் தண்ணீர் குறையும்போது எவ்வளவு குறைந்தது என்று எண்ணைக் காட்டிப் பேச முடிகிறது. வாய்க்கால் சங்கத்துக்கும் இதே முறை பொருந்தும்.

கணக்கிடும் விதம்

வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடும் தண்ணீர், சுமார் 12 ஏக்கரில் 2 அங்குல ஆழம் நிற்கும். கடைசி மதகின் கீழ் 9 வேலி, அதாவது 60 ஏக்கர் இருந்தால், ஒரு முறைக்கு 5 நாள் தேவை. வாய்க்காலில் கசியும் நீருக்குத் தனியாக ஒதுக்க வேண்டும். மதகில் எந்த ஆழம் ஓடினால் ஒரு கன அடி என்பதை நீர்வளத் துறைப் பொறியாளரிடம் கேட்டு, சுவரில் பெயிண்டால் கோடு போட்டுவிடலாம்.

மாதிரித் தீர்மானம்

"தலைமதகுக்குத் தண்ணீர் வந்த 8 நாட்களுக்குள் கடைசி மதகில் கோடு வரை தண்ணீர் ஓட வேண்டும். முறை நாள் ஐந்திலும் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. தினமும் காலையிலும் மாலையிலும் அளந்து நோட்டில் குறிக்க வேண்டும். தலைமடை விவசாயி ஒருவரும் கடைமடை விவசாயி ஒருவரும் கையெழுத்திட வேண்டும்."

நாட்களை அந்தந்த வாய்க்காலின் நீளத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

1. மேட்டூர் திறப்பு சங்கத்தின் கையில் இல்லை. எனவே தலைமதகுக்குத் தண்ணீர் வந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும்.

2. எத்தனை கூட்டம் நடந்தது, தூர் வார எவ்வளவு செலவானது என்பவை முயற்சியின் கணக்கு. பலனின் கணக்கு கடைசி மதகில்தான் இருக்கிறது.

3. தலைமதகில் வரத்துக் குறைந்தால், எல்லா மதகுக்கும் ஒரே வீதத்தில் குறைப்பது என்று முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். தண்ணீர் வந்தபின் பேசினால் தகராறுதான் மிஞ்சும்.

சித்திரை மாதக் கூட்டத்திலேயே இதை எழுதி முடித்தால், தூர் வாரும் வேலையையும் அதற்கேற்பத் திட்டமிடலாம். அறுவடைக்குப் பின் அளவு நோட்டைக் கூட்டத்தில் படித்தால், அடுத்த ஆண்டு எந்த மதகைச் சரி செய்ய வேண்டும் என்பது தானே விளங்கும்.